லாட்டரி காசு உங்க பிள்ளை ஸ்கூலுக்கு எவ்ளோ வருது? நீங்களே கண்டுபிடிக்கறது எப்படி

எலெக்ஷன் சீசன் வந்தாப் போதும், கலிஃபோர்னியால இருக்கற நம்ம தமிழ் வாட்ஸ்அப் குரூப் எல்லாத்துலயும் ஒரே சண்டைதான். ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (ஒரு பகுதியோட கவர்ன்மென்ட் ஸ்கூல்கள நடத்தற அமைப்பு) பார்சல் டாக்ஸ் (ஒவ்வொரு சொத்துக்கும் தனியா போடற வரி) வேணும்னு பேலட்ல கேட்டிருக்கும், உடனே ஒருத்தர் "லாட்டரி காசு பூரா ஸ்கூலுக்குத்தான போகுது, அப்புறம் எதுக்கு மறுபடி நம்ம தலைல கைய வைக்கறாங்க"ன்னு போடுவாரு, கீழ தம்ஸ்அப்பா விழும், இன்னொருத்தர் வந்து "அதெல்லாம் சும்மா, ஒரு பைசா ஸ்கூலுக்குப் போறதில்ல, எல்லாம் அரசியல்வாதி பாக்கெட்டுக்கு"ன்னுவாரு, அதுக்கும் அதே ஆளுங்க தம்ஸ்அப் போடுவாங்க. ரெண்டுமே தப்பு. காசு நிஜமாவே போகுது, ஆனா நீங்க நெனைக்கற அளவுக்கு இல்ல. எவ்ளோ போகுதுன்னு யாரையும் கேக்காம நீங்களே அரை மணி நேரத்துல பாத்துடலாம். அதுக்குத்தான் இந்த பதிவு.

நம்ம ஊர்ல 1968ல தமிழ்நாடு பரிசுச் சீட்டு வந்தப்போ அண்ணா சொன்ன "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" வீட்ல பெரியவங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும், 2003ல லாட்டரியையே தடை பண்ணிட்டாங்க. நாட்டுக்குன்னா எந்தக் கணக்குல, எந்த ஸ்கூலுக்குன்னு அப்ப நம்ம வீட்ல யாரும் தேடிப் பாத்திருக்க மாட்டாங்க. அமெரிக்கால தேடிப் பாக்கலாம், கணக்கு வெளிலயே கிடக்கு, எங்க பாக்கணும்னு தெரிஞ்சா போதும்.

மொதல்ல நீங்க இருக்கற ஸ்டேட்டோட லாட்டரி காசு படிப்புக்குத்தான் போகுதான்னு பாருங்க. இத விட்டுட்டு நிறைய பேர் நேரா அடுத்த படிக்குப் போயிடறாங்க. அமெரிக்கால லாட்டரின்னாலே ஸ்கூலுக்குன்னு ஒரு நெனப்பு இருக்கு, காரணம் நவீன காலத்துல மொதல்ல ஆரம்பிச்ச நியூ ஹாம்ஷயரே 1964ல படிப்பு பேரச் சொல்லித்தான் ஆரம்பிச்சுது, 1967ல நியூயார்க்கும் அப்படித்தான். ஆனா பென்சில்வேனியால லாட்டரி காசு சீனியர் சிட்டிசன்களுக்குப் போகுது, மாசசூசெட்ஸ்ல ஊர் நிர்வாகங்களுக்குப் பொது நிதியா போகுது, விஸ்கான்சின்ல ப்ராபர்ட்டி டாக்ஸ குறைக்கறதுக்குப் போகுது, கொலராடோல பெரும்பகுதி பார்க், காடு, நடைபாதைன்னு போகுது. யூட்டா, நெவாடா, அலபாமா, அலாஸ்கா, ஹவாய் அஞ்சுலயும் ஸ்டேட் லாட்டரியே கிடையாது. லாஸ் வேகாஸ் இருக்கற நெவாடால லாட்டரி இல்லங்கறது கேக்க காமெடியாத்தான் இருக்கும், ஆனா அதான் நிஜம். ஸ்டேட் லாட்டரியோட வெப்சைட்ல பணம் எங்க போகுதுன்னு ஒரு பக்கம் கண்டிப்பா இருக்கும், அங்க சிரிக்கற குழந்தைங்க போட்டோவ எல்லாம் தள்ளி விட்டுட்டு எந்த ஃபண்டுக்குப் போகுதுன்னு அந்த ஃபண்ட் பேர மட்டும் குறிச்சுக்கோங்க.

அடுத்து அந்த ஃபண்ட்லருந்து ஸ்கூலுக்கு எந்த ரூட்ல வருதுன்னு பாக்கணும். இதுல மூணு விதம் இருக்கு. ஒண்ணு, தலைக்கு இவ்ளோன்னு தனியா பிரிச்சு டிஸ்ட்ரிக்ட்டுக்கே அனுப்பறது, கலிஃபோர்னியா மாதிரி. ரெண்டாவது, ஸ்டேட் குடுக்கற மொத்த ஸ்கூல் நிதிக்குள்ள இதையும் சேத்து ஊத்திடறது, டெக்சஸ், நியூயார்க் மாதிரி. மூணாவது, ஸ்காலர்ஷிப், ப்ரீ-கே (கேஜிக்கு முந்தின வருஷ கிளாஸ்)ன்னு குறிப்பிட்ட திட்டத்துக்கு மட்டும் வைக்கறது, ஜார்ஜியா மாதிரி. நீங்க என்ன தேடணும், யார கேக்கணும்ங்கறது இதப் பொறுத்துதான்.

கலிஃபோர்னியாவ கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா அங்கதான் ஒரு டாலரோட பயணத்த கடைசி வரைக்கும் கூடவே போய் பாக்க முடியும்.

1984 நவம்பர்ல ப்ரொபொசிஷன் 37ன்னு ஓட்டுப் போட்டு லாட்டரிய கொண்டு வந்தாங்க, 1985 அக்டோபர்ல டிக்கெட் விக்க ஆரம்பிச்சாங்க. அப்ப சட்டம் என்னன்னா விக்கறதுல பாதி பரிசுக்கு, குறைஞ்சது 34 சதவீதம் படிப்புக்கு, மிச்சம் 16 சதவீதத்துக்குள்ள நிர்வாகச் செலவு. 2010ல இத மாத்திட்டாங்க, இப்ப பரிசும் படிப்பும் சேந்து 87 சதவீதம் இருந்தா போதும், 34 சதவீதங்கற கணக்கு போச்சு. இத கேட்டதும் "பாத்தியா ஏமாத்திட்டானுங்க"ன்னு தோணும், எனக்கும் மொதல்ல அப்படித்தான் தோணுச்சு, ஆனா பரிசு ஜாஸ்தியானதும் ஜனங்க டிக்கெட் வாங்கறது ஏகத்துக்கும் கூடி, சதவீதம் குறைஞ்சும் ஸ்கூலுக்குப் போற டாலர் கூடிடுச்சு. இப்ப வருஷத்துக்கு சுமார் 9 பில்லியன் டாலர் விற்பனை, அதுல படிப்புக்கு 2 பில்லியன் பக்கம். அதாவது நீங்க ஒரு டாலருக்கு சீட்டு வாங்கினா படிப்புக்குப் போறது சராசரியா 20 சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல, அவ்ளோதான். அதுலயும் சுரண்டற டிக்கெட்ல பரிசுக்குப் போற பங்கு ஜாஸ்தி, அதனால படிப்புக்கு மிஞ்சறது கம்மி, பவர்பால் மாதிரி டிராவுல படிப்புக்கு கொஞ்சம் ஜாஸ்தி.

அந்தக் காச லாட்டரி ஆபீஸ் ஸ்டேட் கணக்குகள பாத்துக்கற ஸ்டேட் கண்ட்ரோலர்கிட்ட குடுக்கும், கண்ட்ரோலர் மூணு மாசத்துக்கு ஒரு தடவ பிரிச்சு அனுப்புவாங்க. கேஜி முதல் 12 வரைக்கும் கிட்டத்தட்ட 80 சதவீதம் போகுது, மிச்சம் கம்யூனிட்டி காலேஜ், கால் ஸ்டேட், யூசின்னு ஸ்டேட் யுனிவர்சிட்டிகளுக்குப் போகுது. சார்ட்டர் ஸ்கூலுக்கும் உண்டு, பிரைவேட் ஸ்கூலுக்கு கிடையாது. பணக்கார ஊர், ஏழை ஊர்ங்கற வித்தியாசமே கிடையாது, எல்லாருக்கும் தலைக்கு ஒரே தொகை. ஆனா தலைக்குன்னா பேர் சேத்த பிள்ளைங்க கணக்கு இல்ல, ஏடிஏன்னு சொல்ற சராசரி வருகைக் கணக்கு. இத ஞாபகம் வச்சுக்கோங்க, கீழ வேண்டியிருக்கும்.

இப்ப கணக்கு போடுவோம். சமீப வருஷங்கள்ல பொதுச் செலவுக்கு ஒண்ணு, புத்தகத்துக்கு ஒண்ணுன்னு வர்ற ரெண்டு பங்கும் சேத்து தலைக்கு சுமார் 250 டாலர் வருது, கொஞ்சம் முன்ன பின்ன. உங்க டிஸ்ட்ரிக்ட்டோட ஏடிஏவ எடுத்துக்கோங்க, அத 1.04446ஆல பெருக்குங்க (லீவு போட்ட பிள்ளைங்களுக்காக ஸ்டேட் முழுக்க ஒரே மாதிரி கூட்டற ஒரு எண், ஏன்னு ரொம்ப யோசிக்காதீங்க), அப்புறம் 250ஆல பெருக்குங்க. ஏடிஏ 10,000 உள்ள ஒரு டிஸ்ட்ரிக்ட்டுக்கு 26 லட்சம் டாலர் வரும். நல்ல காசாச்சேன்னு தோணும். இப்ப அதே டிஸ்ட்ரிக்ட்டோட மொத்த பட்ஜெட்ட பாருங்க, ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 20,000 டாலர்னு வச்சாலே 20 கோடி டாலர் வருது. லாட்டரி பங்கு ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. சம்பளம், ஹெல்த் இன்ஷூரன்ஸ், பென்ஷன் எல்லாம் சேத்து ஒரு டீச்சருக்கு ஒன்றரை லட்சம் டாலர்னு வச்சுக்கிட்டா 17 டீச்சர். அந்த மாதிரி டிஸ்ட்ரிக்ட்ல 15 ஸ்கூல் இருக்கும்னா ஸ்கூலுக்கு ஒரு டீச்சர். வாட்ஸ்அப் குரூப்ல அந்தக் கேள்வி வந்தா இதுதான் பதில், ஸ்கூலுக்கு ஒரு டீச்சர் சம்பளம்.

2022 நவம்பர்ல ஆல்டடீனால வித்த ஒரு டிக்கெட்டுக்கு 2.04 பில்லியன் டாலர் பவர்பால் விழுந்துதே, உலகமே பேசுச்சே, அந்த ஜாக்பாட் ஏறிக்கிட்டே போன வாரங்கள்ல வித்த டிக்கெட்னால கலிஃபோர்னியா ஸ்கூல்களுக்கு சுமார் 156 மில்லியன் டாலர் கிடைச்சுதுன்னு லாட்டரியே சொல்லுச்சு. ஸ்டேட்ல 58 லட்சம் பிள்ளைங்க பக்கம் படிக்கறாங்க, காலேஜ் பங்க கழிச்சு வகுத்துப் பாத்தா ஒரு பிள்ளைக்கு 20 டாலர் சொச்சம். ரெண்டு பீட்சா காசு.

சரி, வந்த காசு என்ன ஆச்சுன்னு பாக்கணும். டிஸ்ட்ரிக்ட் வெப்சைட்டுக்குப் போய் பிசினஸ் சர்வீசஸ் இல்லன்னா ஃபிஸ்கல் சர்வீசஸ்னு இருக்கற பக்கத்துல "அன்ஆடிட்டட் ஆக்சுவல்ஸ்"ங்கற பிடிஎஃப்ப தேடுங்க. பட்ஜெட் வேணாம், பட்ஜெட் வெறும் பிளான்தான், இதுல தான் நிஜமா வரவு செலவு இருக்கும். ஜூன் 30ல வருஷம் முடிஞ்சு, செப்டம்பர் 15க்குள்ள போர்டு இத பாஸ் பண்ணி அனுப்பணும், அதனால செப்டம்பர் கடைசில பாத்தா புதுசு கிடைக்கும். நூத்துக்கணக்கான பக்கம் இருக்கும், பயப்படாதீங்க, "லாட்டரி"ன்னு இங்கிலீஷ்ல அடிச்சு தேடுங்க. ஸ்கேன் பண்ணி போட்டிருந்தா தேடல் வேல செய்யாது, அப்ப கீழ தள்ளித் தள்ளி ஃபார்ம் எல்னு ஒரு பக்கம் இருக்கும், அதான் லாட்டரி ரிப்போர்ட்.

ஒரே பக்கத்துல எல்லாம் அடங்கிடும். மேல கட்டம் கட்டமா காலம் (column) இருக்கும், இடது பக்கம் ரிசோர்ஸ் 1100, வலது பக்கமா ரிசோர்ஸ் 6300. ரெண்டும் வேற வேற பை. 1100ங்கறது பொதுவா செலவு பண்ணலாம், 6300 பாடப்புத்தகம், கத்துக்கற சாமான் வாங்க மட்டும்தான். இந்த ரெண்டாவது பை 2000 மார்ச்ல ப்ரொபொசிஷன் 20 பாஸ் ஆனதால வந்தது, 1997-98 அளவுக்கு மேல லாட்டரில எவ்ளோ கூடுதலா வருதோ அதுல பாதி புத்தகத்துக்குன்னு ஒதுக்கணும்னு சட்டம். கீழ வரிசையா பாத்தா மொதல்ல போன வருஷ மிச்சம், அடுத்து 8560ன்னு போட்டு ஸ்டேட் லாட்டரி வருமானம், நீங்க மேல போட்ட கணக்கும் இந்த வரிசைல ரெண்டு காலத்தோட கூட்டுத்தொகையும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும். அதுக்கு கீழ செலவு, 1000ல ஆரம்பிக்கற எண் டீச்சருங்க சம்பளம், 2000 மத்த ஸ்டாஃப் சம்பளம், 3000 அவங்க பெனிஃபிட்ஸ், 4000 புத்தகம், சாமான். நிறைய டிஸ்ட்ரிக்ட்ல 1100 காசு அப்படியே 1000லயும் 3000லயும் போயிருக்கும், அதாவது சம்பளம், இதுல தப்பு ஒண்ணும் இல்ல. சட்டம் வேணாங்கறது நிலம் வாங்கறது, கட்டடம் கட்டறது, ஆராய்ச்சிக்கு செலவு பண்றது, இந்த மூணும்தான். அதனால "லாட்டரி காச வச்சு ஏன் ஜிம் கட்டல"ன்னு போர்டு மீட்டிங்ல எந்திரிச்சு கேட்டுடாதீங்க.

நான் பாக்க சொல்றது 6300 காலத்த. அதுல சில கட்டம் கிரே கலர்ல நிரப்பி இருக்கும், அந்த கிரே கட்டத்துல தொகை இருந்தா அது சரியான்னு பரிசீலிக்கணும்னு அதே ஃபார்ம்ல அடில அவங்களே எழுதி வச்சிருக்காங்க, ஏன்னா அது புத்தகம் தவிர வேற செலவு. அடுத்து கடைசி வரிசை, எண்டிங் பேலன்ஸ். அந்த வருஷம் வந்த காச விட மிச்சம் பல மடங்கு இருந்தா புத்தகக் காச செலவே பண்ணாம சேத்து வச்சிருக்காங்கன்னு அர்த்தம். உடனே ஊழல்னு குதிக்காதீங்க, புது மேத்ஸ் புத்தகம் ஒரே தடவைல எல்லா கிளாசுக்கும் வாங்கணும்னா மில்லியன் கணக்குல ஆகும், அதுக்கு சேத்து வைக்கறது நியாயம்தான். ஆனா எதுக்கு சேக்கறாங்க, எந்த வருஷம் வாங்கப் போறாங்கன்னு கேக்கற உரிமை உங்களுக்கு இருக்கு.

கேக்கறதுக்கு சரியான மீட்டிங் எதுன்னா, ஸ்கூல் திறந்து எட்டு வாரத்துக்குள்ள எல்லா பிள்ளைக்கும் புத்தகம் போதுமா இருக்கான்னு போர்டு ஒரு பப்ளிக் ஹியரிங் வைக்கணும்னு சட்டம் இருக்கு, அங்க. பொதுவா அந்த ஹியரிங்குக்கு ஒருத்தரும் வர மாட்டாங்க, ரெண்டு நிமிஷத்துல முடிச்சுட்டு அடுத்த ஐட்டத்துக்குப் போயிடுவாங்க. அஜெண்டா 72 மணி நேரம் முன்னாடி போட்டே ஆகணும், பாத்துட்டு போங்க, பேசணும்னு கார்டு நிரப்பிக் குடுங்க, பேச ரெண்டு மூணு நிமிஷம் குடுப்பாங்க. "6300ல மிச்சம் இவ்ளோ இருக்கு, எட்டாம் கிளாஸ் சயின்ஸ் புத்தகம் கிழிஞ்சு கிடக்கு, திட்டம் என்ன"ன்னு எண்ணோட கேட்டா அவங்க நிமிந்து உக்காருவாங்க, சும்மா லாட்டரி காசு எங்கன்னு கேட்டா நன்றி சொல்லி அனுப்பிடுவாங்க. வெப்சைட்ல ஃபார்மே இல்லன்னா பப்ளிக் ரெக்கார்ட்ஸ் ஆக்ட்ல (அரசு ஆவணத்த கேட்டு வாங்கற சட்டம்) ஒரு இமெயில் போடுங்க, 10 நாளைக்குள்ள பதில் சொல்லணும். வக்கீலெல்லாம் வேணாம், நாலு வரி மெயில் போதும்.

ஏடிஏன்னு சொன்னேன்ல, அது நம்மாளுங்களுக்கு முக்கியம். டிசம்பர்ல டிக்கெட் சல்லிசா கிடைச்சுதுன்னு லீவு ஆரம்பிக்கறதுக்கு பத்து நாள் முன்னாடியே பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு சென்னைக்கு கிளம்பிடறோம், பொங்கல் முடிச்சுட்டு வர்றோம், அந்த நாளெல்லாம் வருகைல குறையுது. லாட்டரி காசுல பெரிய வித்தியாசம் வராது, ஆனா ஸ்டேட் குடுக்கற மெயின் நிதியும் இதே வருகைக் கணக்குதான், அங்க நல்லாவே அடிக்கும். கிளம்பறதுக்கு முன்னாடி ஆபீஸ்ல ஷார்ட் டர்ம் இண்டிபெண்டெண்ட் ஸ்டடி காண்ட்ராக்ட் கேளுங்க, டீச்சர் ஹோம்வொர்க் குடுப்பாங்க, ஊருக்குப் போய் தாத்தா வீட்ல உக்காந்து முடிச்சு வந்து குடுத்தா வருகையா எடுத்துக்குவாங்க. எல்லா டிஸ்ட்ரிக்ட்லயும் ஒரே மாதிரி ரூல் இல்ல, முன்கூட்டியே கேக்கணும்.

ரெண்டாவது வகை, டெக்சஸ் மாதிரி. அங்க லாட்டரி 1992ல ஆரம்பிச்சப்போ காசு பொது கஜானாவுக்குத்தான் போச்சு, 1997லருந்துதான் ஃபவுண்டேஷன் ஸ்கூல் ஃபண்டுக்கு. அந்த ஃபண்ட்ல லாட்டரி ஒரு வாய்க்கால் மட்டும்தான், டிஸ்ட்ரிக்ட்டுக்கு எவ்ளோங்கறத ஒரு ஃபார்முலா முடிவு பண்ணுது, லாட்டரி நல்லா ஓடுச்சுன்னு உங்க ஸ்கூலுக்கு ஒரு டாலர்கூட அதிகமா வராது, ஸ்டேட் தன் கைக்காச கொஞ்சம் கம்மியா போட்டா போதும்னு ஆகிடும். நியூயார்க்லயும் இதே கதைதான். டெக்சஸ்ல ஃப்ரிஸ்கோலயோ கேட்டிலயோ இருந்துகிட்டு டிஸ்ட்ரிக்ட் பட்ஜெட்ல லாட்டரின்னு தேடி நேரத்த வீணாக்காதீங்க, அங்க சண்டை போடணும்னா ஸ்டேட் தலைநகர் ஆஸ்டின்ல ஒரு பிள்ளைக்கு அடிப்படைத் தொகை எவ்ளோன்னு வைக்கறாங்களே அதப் பத்திதான் போடணும்.

ஜார்ஜியா எனக்குப் பிடிச்ச மாடல், ஏன்னா காசு எங்க போச்சுன்னு தேடவே வேணாம், உங்க கைலயே வரும். கவர்னர் செல் மில்லர் முன்னெடுத்து 1992ல ஓட்டுக்கு விட்டு, 1993ல லாட்டரியும் காலேஜ் ஃபீஸுக்கான ஹோப் ஸ்காலர்ஷிப்பும் சேந்தே வந்துது, காசு ஹோப்புக்கும் ப்ரீ-கேவுக்கும் தவிர பெருசா வேற எங்கயும் போறதில்ல. அட்லாண்டா பக்கம் கம்மிங், ஆல்ஃபரெட்டா, ஜான்ஸ் க்ரீக்ல இருக்கற நம்மாளுங்க செய்ய வேண்டியது ரெண்டு.

பிள்ளைக்கு செப்டம்பர் 1க்குள்ள 4 வயசு முடியுதுன்னா ஜார்ஜியா ப்ரீ-கேவுக்கு அப்ளை பண்ணுங்க, வருமானக் கணக்கு கிடையாது, நாளைக்கு ஆறரை மணி நேரம், வருஷம் 180 நாள், படிப்பு ஃப்ரீ. ஜார்ஜியால குடியிருக்கற ப்ரூஃப், வயசு ப்ரூஃப் இருந்தா போதும். ஆனா எல்லாருக்கும் சீட் கிடையாது, சீக்கிரமா டேகேர், ஸ்கூல்னு நாலஞ்சு இடத்துல பேர் போட்டு வைங்க, சில இடத்துல குலுக்கல் முறைல சீட் குடுக்கறாங்க, லாட்டரி காசுல நடக்கற கிளாசுக்கு லாட்டரி போட்டு சீட்.

ஹோப்ல ஒரு சிக்கல் இருக்கு, அத யாரும் முன்னாடியே சொல்றதில்ல. சிட்டிசன் அல்லது கிரீன் கார்டு மாதிரி தகுதியுள்ள ஸ்டேட்டஸ் இருக்கணும். எச்4ல (எச்1பி விசால இருக்கறவங்க குடும்பத்துக்கான விசா) இருக்கற பிள்ளை 4.0 ஜிபிஏ வாங்கினாலும் கிடைக்காது. அதனால பத்தாவது படிக்கறப்பவே இத மனசுல வச்சு காலேஜ் செலவுக்கு ப்ளான் பண்ணுங்க. தகுதி இருக்கறவங்களுக்கு ஹோப் 3.0, செல் மில்லர் ஸ்காலர்ஷிப்புக்கு 3.7, கூடவே எஸ்ஏடில ஒரே அட்டெம்ப்ட்ல 1200. ரிப்போர்ட் கார்டுல இருக்கற ஜிபிஏவ நம்பாதீங்க, ஹோப்புக்குத் தனி கணக்கு, இங்கிலீஷ், மேத்ஸ், சயின்ஸ், சோஷியல், ஃபாரின் லாங்குவேஜ் மட்டும்தான் எடுப்பாங்க, ஸ்கூல் ஆனர்ஸ் கிளாசுக்கு கூட்டிக் குடுத்த பாயிண்ட்ட எடுத்துடுவாங்க, ஏபிக்கு (காலேஜ் லெவல் கிளாஸ்) 0.5 அவங்களே கூட்டுவாங்க. ஸ்கூல்ல 3.8 காட்டற பிள்ளைக்கு ஹோப் கணக்குல 3.6 வரலாம். ஜார்ஜியாவோட ஜிஏஃப்யூச்சர்ஸ் சைட்ல அக்கவுண்ட் போட்டா அவங்க கணக்கு தெரியும், ஒன்பதாவதுலருந்தே பாத்துக்கிட்டு வாங்க. காலேஜ் போனப்புறமும் 30, 60, 90 கிரெடிட் அவர்ல செக் பண்ணுவாங்க, ஹோப்புக்கு 3.0, செல்லுக்கு 3.3 கீழ போனா நின்னுடும். இது டியூஷனுக்கு, அதாவது காலேஜ் ஃபீஸுக்கு மட்டும், ஹாஸ்டல், சாப்பாடு உங்க செலவு.

இன்னொண்ணு, லாட்டரிய நம்பின திட்டத்துல ஆபத்தும் உண்டு. படிக்க வர்ற பிள்ளைங்களும் டியூஷனும் ஏறின வேகத்துக்கு லாட்டரி வருமானம் ஏறல, அதனால 2011ல ஹோப்ப வெட்டிட்டாங்க, 3.7க்கு மேல இருக்கறவங்களுக்குத்தான் முழு டியூஷன்னு ஆச்சு, மறுபடி எல்லா ஹோப் பிள்ளைங்களுக்கும் முழு டியூஷன் வந்தது 2023-24லதான். உங்க பிள்ளை இப்ப ஆறாவது படிக்குதுன்னா ஹோப் இதே மாதிரி இருக்கும்னு நம்பி 529 அக்கவுண்ட்ட (காலேஜ் செலவுக்கான சேமிப்பு) நிறுத்திடாதீங்க.

ஃப்ளோரிடால இருக்கறவங்களுக்கு இதே மாதிரி ப்ரைட் ஃப்யூச்சர்ஸ் 1997லருந்து இருக்கு, அதுக்கும் லாட்டரி காசுதான். அங்க மார்க் மட்டும் போதாது, சேவை மணி நேரம் இல்லன்னா சம்பளத்துக்கு வேல பாத்த மணி நேரம் காட்டணும், பெரிய ஸ்காலர்ஷிப்புக்கு சேவைன்னா 100 மணி. கோயில், தமிழ்ப் பள்ளில வாலண்டியர் பண்ற பிள்ளைங்க ஸ்கூல்ல முன்னாடியே கேட்டு அப்ரூவல் வாங்கிட்டு கையெழுத்து வாங்கி வைங்க, கடைசி வருஷம் ஓடாதீங்க. அப்ளிகேஷன் 12வதுல அக்டோபர் 1 திறக்கும்.

கடைசியா, ஸ்கூலுக்கு உதவின மாதிரி இருக்கும்னு டிக்கெட் வாங்கறவங்க ஒண்ணு யோசிங்க, கலிஃபோர்னியால 20 டாலருக்கு சீட்டு வாங்கினா படிப்புக்குப் போறது நாலு, நாலரை டாலர், அதுவும் ஸ்டேட் முழுக்க பிரிஞ்சு போகும். அதே 20 டாலர உங்க ஸ்கூலோட பிடிஏவுக்கு (பெற்றோர்-டீச்சர் சங்கம்) நன்கொடையா குடுத்தா உங்க பிள்ளை ஸ்கூலுக்கே போகும், ரசீது வாங்கி வச்சா டாக்ஸ்லயும் காட்டலாம். பரிசுக்காக வாங்கறேன்னா தாராளமா வாங்குங்க, அது வேற விஷயம்.